நாப்பத்தி மூணாவது மடி

என் காதுல என்ன ஈர்க்குச்சின்னு கேட்டுட்டீங்கள்ல, இனி லேசுல எந்திரிச்சுப் போக முடியாது, உக்காந்து முழுசாக் கேட்டுட்டுத்தான் போகணும். பஸ்ல பக்கத்துல உக்காந்தவ கேட்டா, ரேசன் கடை வரிசையில நின்னவ கேட்டா, கண்ணுக்கு மருந்து ஊத்த வந்த நர்சம்மா கேட்டுச்சு, அத்தனை பேருக்கும் ஒரு சொல் விடாமச் சொல்லியிருக்கேன். ஏன் சொல்றேங்கிறது கடைசியில தெரியும்.

என் பேரு சுப்புத்தாய். எங்க சொந்தபந்தத்துல யாருக்கு யாரு என்ன முறைன்னு சந்தேகம் வந்தா எங்கிட்டத்தான் வரணும், வேற கோர்ட்டு கிடையாது. கல்யாண வீட்டு வாசல்ல ரெண்டு ஆம்பளைக எதிரெதிரா நின்னுக்கிட்டு, சித்தப்பான்னு கும்பிடுறதா மச்சான்னு தோள்ல கை போடுறதான்னு தெரியாம முழிச்சா, சுப்புத்தாய் எங்கேன்னுதான் தேடுவாக. நானும் வாயில கிடக்குற வெத்தலையைக்கூடத் துப்பாம, ஏலே, உங்க அய்யாவைப் பெத்தவளும் இவன் அம்மாவைப் பெத்தவளும் அக்கா தங்கச்சி, அப்ப உங்க அய்யாவும் இவன் அம்மாவும் அண்ணன் தங்கச்சி, நீங்க ரெண்டு பேரும் மச்சான் மச்சினன், தாராளமாக் கேலி பேசிக்கிடுங்கன்னு ஒரே மூச்சுல சொல்லிட்டுப் போய்க்கிட்டே இருப்பேன். அந்தத் திமிரு எனக்கு நெறையவே இருந்துச்சு, இல்லைன்னு சொல்லல.

என் தம்பி சீனிராஜ் போய்ச் சேந்து ஆறு வருசம் ஆச்சு. அவனுக்கு ஒரே மக, முத்தீஸ்வரி. கூடப் பொறந்தவன் இல்லாத பிள்ளை. பொங்கலுக்கு முந்துன நாள் தெருவுல ஒவ்வொருத்தி அண்ணன் தம்பியும் பைக்குல கரும்பைச் சாச்சுக் கட்டிக்கிட்டு, புதுப் பானையும் வெங்கலச் செம்புமா வந்து எறங்கும்போது, யாரும் வரப்போறதில்லைன்னு தெரிஞ்சும் இவ வாசல்ல போய் நிப்பா. அவ மாமியாக்காரி உள்ளேயிருந்து, யாரைம்மா எதிர்பாக்குறேன்னு கேப்பா. அந்த ஒரு கேள்வியைக் கேட்டுக் கேட்டே அந்தப் பிள்ளைக்கு எட்டு வருசம் போச்சு. பெறகு ஒரு பெண் குழந்தை பொறந்துச்சு. தன்ஷிகான்னு பேரு வெச்சாக, என் வாயில நுழையாது, நான் தங்கம்னுதான் கூப்பிடுவேன்.

தங்கத்துக்கு ஒரு வயசு முடிஞ்சு, மாசி மாசம் எங்க குலசாமி கரட்டுக் கருப்பசாமி கோயில்ல மொட்டையடிச்சுக் காது குத்துறதுன்னு முடிவாச்சு. தாய்மாமன் மடியில உக்கார வெச்சுத்தான் குத்தணும், அது உங்களுக்கும் தெரியும். யாரை அத்தை உக்கார வைக்கன்னு முத்தீஸ்வரி எங்கிட்டத்தான் கேட்டா. நான் யோசிக்கவே இல்ல, என் சின்னத் தம்பி மகன் கருத்தப்பாண்டியை உக்கார வைன்னு சொல்லிட்டேன். எங்க சனத்துல கூடப் பொறந்தவன் இல்லைன்னா சித்தப்பன் மகனோ பெரியம்மா மகனோ ஒருத்தனைப் பிடிச்சு உக்கார வெச்சு வேலையை முடிச்சிருவோம், முறை சரியா இருந்தா மடியும் சரிதான்னு நெனச்சுக்கிட்டுத்தான் இத்தனை தலைமுறையும் குத்தியிருக்கோம்.

அன்னைக்குக் காலையில வேனும் லோடு ஆட்டோவுமா முந்நூறு சனம் வந்து எறங்குச்சு. மொட்டை நல்லபடியா முடிஞ்சு, தலையில சந்தனம் பூசி, மாலை போட்டு, கருத்தப்பாண்டி மடியில தங்கத்தை உக்கார வெச்சாக. பிச்சுமணி ஆசாரி ஊசியை எடுத்தாரு. ஊசி போச்சு, வந்துச்சு, தங்கக் கம்பியை மாட்டி முறுக்கிட்டுக் கையை எடுத்தாரு, கம்பி கழண்டு கருத்தப்பாண்டி வேட்டியில விழுந்துச்சு. பாத்தா காதுல ஓட்டையே இல்ல. தண்ணிக்குள்ள விரலை விட்டு எடுத்தா தண்ணி கூடிக்கிடும்ல, அப்படிக் கூடிக்கிடுச்சு. ஒரு பொட்டு ரத்தம் இல்ல, பிள்ளை அழவும் இல்ல, ஆசாரி மீசையைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டிருந்துச்சு.

ரெண்டாந்தடவை குத்தினாரு, மூணாந்தடவை குத்தினாரு. பெறகு ஊசியைத் துணியில துடைச்சுக்கிட்டே, மடி சேரலன்னாரு, பால் திரிஞ்சு போச்சுன்னு சொல்ற மாதிரி. சுத்தி நின்ன பொம்பளைகளும், ஆமா, மடி சேரலைன்னா காது எப்படி நிக்கும்னு சொல்லிக்கிட்டாகளே ஒழிய, ஒருத்தியும் வாயைப் பொளக்கல.

அந்த நேரத்துலதான் என் ரெண்டு காதுத் தோடும் தன்னால கழண்டு, கழுத்து வழியா உருண்டு என் மடியில விழுந்துச்சு. தடவிப் பாத்தேன். அறுபது வருசமா இருந்த ஓட்டை, ரெண்டு பக்கமும் இல்ல. தோட்டை எடுத்து முந்தானையில முடிஞ்சு, வெயிலுக்குப் போடுற மாதிரி சேலையைத் தலையோட இழுத்துக் காதை மூடிக்கிட்டேன்.

ஏன்னு எனக்குத் தெரியும். உங்களுக்கும் இப்பவே சொல்லிர்றேன், மறைச்சு மறைச்சுத்தானே காது போச்சு. முத்தீஸ்வரியோட அம்மா குருவம்மாவுக்கு என் தம்பி ரெண்டாவது புருசன். மொதல்ல கட்டுனவன் கிணறு வெட்டுற இடத்துல வெடி வெச்சதுல செத்துப்போனான். அவன் மூலமா அவளுக்கு நாலு வயசுல ஒரு பையன். அறுத்துக் கட்டுறது எங்க சனத்துல ஆகாத காரியமில்ல, என் தம்பி ஆசைப்பட்டுத்தான் கேட்டான், எனக்குத்தான் மனசு ஆறல. இதே கருப்பசாமி கோயில்லதான் தாலி. மூணாவது முடிச்சு நாத்தனார் போடணும்ல, அந்தக் கயித்தைக் கையில பிடிச்சுக்கிட்டு நான் நின்னுட்டேன். அந்தப் பையன் நம்ம வாசப்படி மிதிக்கக் கூடாது, அவன் பேரை நம்ம வீட்டுல எடுக்கக் கூடாது, பொறக்கப்போற பிள்ளைக்குக்கூடத் தெரியக் கூடாது, சாமி முன்னாடி சத்தியம் பண்ணு, அப்பத்தான் முடிச்சுன்னேன். பையன் கோயிலோரத்து முள்ளு உடை மரத்தடியில அவன் சித்தப்பன் விரலைப் பிடிச்சுக்கிட்டு வேடிக்கை பாத்துக்கிட்டிருந்தான். குருவம்மா அவனைப் பாத்தா, என்னைப் பாத்தா, தலையாட்டினா. நான் முடிச்சுப் போட்டேன், இறுக்கமாவே போட்டேன்.

அதுக்கு முப்பத்திநாலு வருசம் ஆச்சு. அன்னைக்கு இருந்த பெருசுக எல்லாம் போய்ச் சேந்தாச்சு, என் தம்பிக ரெண்டு பேரும் போயிட்டாக. அந்தப் பையன் இருக்கான்கிறது தெரிஞ்சது எனக்கும் அவளுக்கும்தான். இன்னொருத்தனுக்கும் தெரியும், அவனுக்கே. பேரு சங்கையா, சமையல் மாஸ்டர். பன்னெண்டு வருசமா எங்க வீட்டு விசேசம் எதுவானாலும் அவன்தான் வந்து ஆக்குவான், கூப்பிடலைன்னாலும் கேள்விப்பட்டு வந்து நிப்பான். மொத தடவை அவன் நெத்தியில இருந்த சுழியைப் பாத்ததும், குருவம்மா நெத்திச் சுழின்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. என்னை அம்மான்னு கூப்பிடுவான், நானும் என்ன மாஸ்டர்னு கேட்டுட்டுப் போயிருவேன். எந்த விசேசத்துலயும் குருவம்மா கடைசிப் பந்தியிலதான் உக்காருவா, எவ்வளவு அடக்கமான பொம்பளைன்னு ஊரே சொல்லும். கடைசிப் பந்திக்கு மாஸ்டர் தன் கையால பரிமாறுவான், அதுக்குத்தான்னு எனக்குத் தெரியும். அன்னைக்கும் அவன் அதே உடை மரத்துக்குப் பின்னாடி கறிக்குழம்பு கிண்டிக்கிட்டிருந்தான்.

தெரிஞ்சும் நான் வாயைத் தெறக்கல. மடி சேரலைன்னா வேற மடி பாப்போம்னு சத்தமாச் சொன்னேன். குருவம்மா அக்கா மகனை உக்கார வெச்சோம், கம்பி விழுந்துச்சு. ஒண்ணுவிட்ட சித்தப்பன் மக்க அஞ்சு பேரும் வரிசையா உக்காந்தாக, அஞ்சு தடவை விழுந்துச்சு. அண்ணன் முறை வர்ற ஆம்பளை ஒருத்தன் பாக்கியில்லாம வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு வரிசையில நின்னான். சும்மா வந்து உக்கார முடியாது, நீ எந்த வழியில அண்ணன்னு சபை கேக்கும், அவன் வழி சொல்லணும், தெரியலைன்னா நான் சொல்லணும். அப்படிச் சொல்லச் சொல்ல, வரப்புத் தகராறுல இருபது வருசமா மூஞ்சியில முழிக்காத ரெண்டு பேரு ஒரே தொட்டில்ல கிடந்தவகளோட பேரனுகன்னு வெளியாச்சு. திருப்பூர்ல ஒரே காம்பவுண்டுல பத்து வருசமாத் தண்ணிக்குச் சண்டை போட்ட ரெண்டு பொம்பளைக, அத்தையும் மருமகளும்னு தெரிஞ்சு கட்டிப்பிடிச்சு அழுதாக. அடுத்த மாசம் நிச்சயம் பண்ண இருந்த ஒரு பையனும் பொண்ணும் அண்ணன் தங்கச்சி முறைன்னு ஆகிப்போச்சு, பொண்ணு மூஞ்சியைப் பாத்தா அவளுக்கு அதுல ரொம்ப நிம்மதிதான். வேன் ஓட்டிட்டு வந்த பையன்கூட எங்கேயோ சுத்தி எனக்குப் பேரன் முறையானான்.

சேதி போன்ல பரவி, ரெண்டாம் நாள் மதுரையிலிருந்து வந்தாக, மூணாம் நாள் ரயிலேறிப் பம்பாயிலிருந்தே வந்தாக. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு லீவு சொல்லியாச்சு. கோயில் பூசாரி மடி மாத்துற நேரத்துல மணி அடிக்கிறதை வழக்கமாக்கிட்டாரு. வந்தவக எல்லாரும் ஏதோ மழை நிக்கட்டும்னு காத்திருக்குற மாதிரி சமுக்காளத்தை விரிச்சு உக்காந்து, என்னாச்சு, எத்தனாவது மடின்னு கேட்டுக்கிட்டு, சாப்பிட்டுக் கை கழுவிட்டு மறுபடி வந்து உக்காந்தாக. சங்கையா மூணு நாளும் வேளை தப்பாம அத்தனை பேருக்கும் ஆக்கிப் போட்டான். கோயில் பக்கம் திரும்பியே பாக்க மாட்டான். ஆனா ஒவ்வொரு தடவை கம்பி விழும்போதும் அவன் அகப்பை அண்டா விளிம்புல ஒரு தட்டு தட்டும். அது யாருக்குக் கேட்டுச்சோ தெரியல, எனக்குக் கேட்டுச்சு.

மூணாம் நாள் உச்சி வெயிலுக்குள்ள நாப்பத்திரெண்டு மடி ஆயிப்போச்சு. முத்தீஸ்வரி மாமியா எந்திரிச்சா. இவ பக்கம் ஆளே இல்லைன்னு சாமியே சொல்லிருச்சு, பிள்ளையைக் கொண்டாங்க, டவுன்ல நகைக்கடையில கொடுத்தா மிசின் வெச்சு ஒரு நிமிசத்துல குத்திவிட்டுருவான்னு சொல்லிட்டு வேனைப் பாத்து நடந்தா. முத்தீஸ்வரி பிள்ளையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா.

"எனக்குன்னு ஒரு மடி இந்த உலகத்துல இல்லைன்னா, என் பிள்ளை மூளிக்காதோடவே வளரட்டும் அத்தை. மாமியாவுக்கு இல்ல, உனக்குச் சொல்றேன். நீதானே எல்லாருக்கும் முறை சொல்ற, எனக்கு யாருமில்லைன்னு நீயே சொல்லிரு."

நான் தலைச்சேலையை இன்னும் இழுத்துக் காதோரமா இறுக்கிக்கிட்டேன். பிச்சுமணி ஆசாரிதான், வாயால சொல்லிச் சொல்லி எங்கேயோ ஒரு ஆளு விட்டுப்போச்சு போல, தரையில எழுதி ஆளுகளையே நிக்க வெச்சுப் பாத்திருவோம்னாரு. கோயிலுக்கு வெள்ளையடிக்க வெச்சிருந்த சுண்ணாம்புத் தூளைக் கொண்டாந்தாக. நான்தான் எழுதணும், வேற யாருக்கு முழுசாத் தெரியும். கரட்டுப் பொட்டல்ல குனிஞ்சு, மொதல் தாத்தாவுக்கு ஒரு புள்ளி வெச்சு, அவரு பொண்டாட்டிகளுக்கு ரெண்டு புள்ளி வெச்சு, பெத்த பிள்ளைகளுக்குக் கோடு இழுத்து, கட்டிக்கொடுத்த வீட்டுக்குக் கோடு இழுத்து, எடுத்த வீட்டுக்குக் கோடு இழுத்து, இடுப்பு ஒடிய ஒடிய எழுதினேன். உயிரோட இருக்குறவக அவகவக புள்ளியில போய் நின்னாக, செத்தவக புள்ளியில ஒரு கல்லை வெச்சோம்.

எழுதி முடிச்சுக் கோயில் மேடையில ஏறி நின்னு பாத்தேன். அய்யா, நான் என்னத்தைச் சொல்ல. நானூறு சனம் வெள்ளைக் கோட்டுமேல நிக்குது, பம்பாய்க்காரன் நிக்கிறான், வேன்காரப் பையன் நிக்கிறான், கைப்பிள்ளைகளை அவக அவக புள்ளியில துண்டை விரிச்சுப் படுக்க வெச்சிருக்காக, ஒருத்தர்கூடத் தனியா இல்ல, எந்தப் புள்ளியில காலை வெச்சுக் கிளம்பினாலும் எல்லார் வீட்டுக்கும் போய்ச் சேந்திரலாம். முத்தீஸ்வரி மாமியாகூட வேனுக்குப் போற வழியில எங்க கோடு ஒண்ணு தன் காலுக்கடியில வந்து முடிஞ்சதைப் பாத்துட்டு அங்கேயே நின்னுட்டா. காத்து நின்னுருச்சு. அவகவக கோட்டைக் கண்ணால பிடிச்சுக்கிட்டே போய், அது யாருகிட்ட முடியுதோ அவுகளை நிமிந்து பாத்தாக, பாத்தவக கண்ணெல்லாம் கலங்கிப்போச்சு. வாழ்நாள் பூராவும் நான் வாயால சொன்னதோட அளவு எனக்கே அன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு.

அந்த அமைதியில குருவம்மா, அவ புள்ளியில நின்னவ, தலையைத் தூக்காம, காலை மட்டும் லேசா நகத்தினா. பக்கத்துக் கோட்டுச் சுண்ணாம்பைப் பெருவிரல்ல தொட்டுத் தன் புள்ளியிலிருந்து ஒரு கோடு இழுத்தா. ஒரு சாண் இழுத்தா, பெறகு ஒரு அடி, பெறகு நடந்து நடந்து இழுத்தா. சாமி முன்னாடி பண்ணுன சத்தியத்துக்குப் பயந்து வாயைத் தெறக்காம, காலாலேயே இழுத்துக்கிட்டுப் போனா. சுண்ணாம்பு தீந்துபோயும் மண்ணைக் கீறிக்கிட்டே போனா, நகக்கண்ணுல ரத்தம் வந்துருச்சு. கோடு உடை மரத்தைப் பாத்துப் போச்சு.

நானூறு சனமும் கோட்டைப் பாத்துட்டு என்னைத்தான் பாத்துச்சு. சுப்புத்தாய், அது யாருக்குப் போற கோடுன்னு யாரோ கேட்டாக.

நான் தலைச்சேலையை எடுத்துட்டேன். முந்தானையை அவுத்துத் தோட்டைக் கையில எடுத்துக் காட்டினேன். மூடிக்கிடந்த ரெண்டு காதையும் எல்லாரும் பாக்கட்டும்னு திரும்பித் திரும்பிக் காட்டினேன். சாமி, சத்தியம் வாங்குனவ நான், அவளை விட்ருன்னு கருப்பசாமியைப் பாத்துச் சொல்லிட்டு, முடிச்சுப் போட மாட்டேன்னு நின்னதிலிருந்து அகப்பைச் சத்தம் வரைக்கும் அத்தனையும் சொன்னேன். சொல்லிட்டு மேடையிலிருந்து எறங்கி, அந்தக் கோட்டுமேலேயே நடந்து அடுப்புக்கிட்டப் போனேன். இருபது எட்டு எடுத்து வெச்சா வந்துரும், எனக்கு முப்பத்திநாலு வருசம் ஆச்சு.

அவன் முதுகைக் காட்டிக்கிட்டுக் கிண்டிக்கிட்டே இருந்தான். பாதத்துக்கு ஒரு சாண் தள்ளிக் கோடு நின்னிருந்துச்சு, அதுக்குமேல குருவம்மாவால முடியாம உக்காந்துட்டா.

"வாங்க மருமகனே"ன்னேன். "உங்க தங்கச்சி மக, உங்க மடிக்காக மூணு நாளாக் காத்துக்கிட்டிருக்கா."

அவன் திரும்பல. அகப்பையை அடிவரைக்கும் விட்டு ஒரு கிண்டு கிண்டினான்.

"கறி அடிப்பிடிச்சிரும் அத்தை"ன்னான்.

அத்தைன்னான். எனக்கு அழுகை பொத்துக்கிட்டு வந்துருச்சு. குடு, நான் பாத்துக்கிடுறேன்னு அகப்பையை அவன் கையிலிருந்து பிடுங்கினேன். அவன் மூணு தடவை கையைக் கழுவினான், முகத்தைக் கழுவினான். பெறகு மசாலாப் பெட்டியைத் தெறந்து, பட்டை கிராம்புக்கு அடியிலிருந்து பேப்பர்ல சுத்துன ஒரு பொட்டலத்தை எடுத்தான். உள்ள ஒரு வயசுப் பிள்ளைக்கான பட்டுப்பாவாடை. தாய்மாமன் சீரு. கொடுக்க முடியாதுன்னு தெரிஞ்சும் எடுத்துட்டு வந்திருக்கான். அளவு கச்சிதமா இருந்துச்சு, அன்னைக்குப் பூராவும் தங்கத்துமேல கறி மசாலா வாசம்தான்.

அவன் அம்மாவைக் கையைப் பிடிச்சுத் தூக்கி, கூடவே கூட்டிக்கிட்டு வந்து, ஆசாரி முன்னாடி சம்மணம் போட்டு உக்காந்தான். முத்தீஸ்வரி பிள்ளையைக் கையில வெச்சுக்கிட்டு அவன் நெத்திச் சுழியையே பாத்துக்கிட்டு நின்னா, பெறகு தன் நெத்தியைத் தொட்டுப் பாத்தா, அவளுக்கும் அதே இடத்துல அதே சுழி. அண்ணான்னு கூப்பிட்டா. பிள்ளையை மடியில வெச்சா. தங்கம் மூணு நாளா எவன் மடியிலயும் சிரிச்சுக்கிட்டிருந்தது, இவன் மடியில உக்காந்ததும் ஒதட்டைப் பிதுக்குச்சு. ஊசி போனதும் வீல்னு அழுதுச்சு. ஒரு பொட்டு ரத்தம் வந்துச்சு. கம்பி நின்னுச்சு. நானூறு சனமும் அந்த அழுகையை, சாமி வாக்குக் கேக்குற மாதிரி, தலையைக் குனிஞ்சு கேட்டுக்கிட்டு நின்னுச்சு.

அந்தப் பந்தியில சங்கையாவுக்குத்தான் மொத இலை. ஒரு பக்கம் அவன் அம்மா, இன்னொரு பக்கம் தங்கச்சி. நான் பரிமாறினேன். கறி கொஞ்சம் அடிப்பிடிச்சுத்தான் இருந்துச்சு, அவன் ரெண்டாந்தடவையும் வாங்கிச் சாப்பிட்டான்.

முத்தீஸ்வரி எங்கிட்ட ஒண்ணுதான் சொன்னா. "ஒவ்வொரு பொங்கலுக்கும் வாசல்ல நின்னேன் அத்தை. உனக்குத் தெரியும்." அதுக்குப் பெறகு பத்து மாசம் பேசல. பேசச் சொல்லி நானும் கேக்கல. தை பொறக்குறதுக்கு முந்துன நாள் போன் பண்ணினா, அவளா எதுவும் சொல்லல, போனை வாசப்பக்கம் நீட்டிப் பிடிச்சா. பைக்கு வந்து நிக்கிற சத்தமும் கரும்பைத் தரையில போடுற சத்தமும் எனக்கு இங்கேயே கேட்டுச்சு.

தங்கத்துக்குக் குத்துன அன்னைக்கே என் காதையும் குத்தச் சொல்லி ஆசாரிகிட்ட உக்காந்தேன். ஒரு தடவை குத்திப் பாத்தாரு, கூடிக்கிடுச்சு. ஊசியைத் துடைச்சுக்கிட்டே, இது மடியால மூடுன காது இல்லம்மா, வாயால மூடுன காது, வாயைத் தெறந்தாத்தான் தெறக்கும்னு சொல்லிட்டு எந்திரிச்சுட்டாரு. அன்னையிலிருந்து யாரு கேட்டாலும் சொல்றேன். ஒருத்தருக்குச் சொன்னா ஒரு மயிரிழை தெறக்குது. மொதல்ல நூலு போச்சு, பெறகு ஊசி போச்சு, இப்ப ஈர்க்குச்சி போகுது. தோட்டைக் கோயில்லயே முத்தீஸ்வரி கையில கொடுத்துட்டேன், மறுபடி பேச ஆரம்பிச்ச பெறகு, தெறந்ததும் வந்து வாங்கிக்கன்னு சொல்லியிருக்கா.

என் காது என் கண்ணுக்குத் தெரியாது. போறதுக்கு முன்னாடி இந்தக் குச்சியை உருவிட்டு, இதைவிட ஒரு சுத்துப் பெரிய குச்சியா விட்டுப் பாருங்க. வலிச்சாலும் பரவாயில்ல.